அப்பாவின் தேக்கு நாற்காலி: இருக்கையை 1,500 ரூபாய்க்குள் புதுப்பிக்க முடியுமா?

அரசலாறு (கும்பகோணம்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் அப்பா பத்திர எழுத்தராக இருந்தவர். 1979இல் ஊர் ஆசாரியிடம் சொல்லிச் செய்துகொண்ட தேக்கு நாற்காலியில் உட்கார்ந்துதான் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பத்திரம் எழுதினார். அவர் காலமான பிறகு அந்த நாற்காலி மாடி அறையில் பழைய சாமான்களோடு கிடந்தது. இப்போது விடைத்தாள் திருத்துவதற்கும் இணையவழி வகுப்பெடுப்பதற்குமாக நாள்தோறும் நான்கைந்து மணிநேரம் நான் மேசை முன் உட்கார வேண்டியிருக்கிறது. புது நாற்காலி வாங்குவதற்குப் பதில் அப்பாவின் நாற்காலியையே எடுத்துப் பயன்படுத்தலாம் என்று கீழே இறக்கித் துடைத்து வைத்திருக்கிறேன்.

மரத்தில் குறையொன்றும் இல்லை. கால்கள் ஆடவில்லை, கைப்பிடிகளும் உறுதியாக இருக்கின்றன. இருக்கையைத் தனிச் சட்டமாகச் செய்து, நாற்காலியின் பள்ளத்தில் இறங்கி உட்காரும்படி வைத்திருக்கிறார்கள். அடியிலிருந்து தள்ளினால் கையோடு வந்துவிடுகிறது. அதன் அளவு 18 அங்குலத்துக்கு 18 அங்குலம். சட்டத்தின் மேல் நாடா பின்னி, அதன்மேல் சாக்கு, அதன்மேல் தேங்காய் நார், எல்லாவற்றுக்கும் மேலே பச்சை நிற ரெக்சின் என்ற வரிசையில் வேலை செய்யப்பட்டிருக்கிறது. நாடா மூன்று இடங்களில் அறுந்துவிட்டது. ரெக்சின் காய்ந்து அப்பளம்போல் வெடித்திருக்கிறது. உட்கார்ந்தால் நடுப்பகுதி குழியாகி, சட்டத்தின் விளிம்பு தொடையை அழுத்துகிறது.

குஷன் கடை ஒன்றில் கேட்டபோது, உள்ளே இருப்பதையெல்லாம் எடுத்துவிட்டுப் பிளைவுட் அடித்து, ஃபோம் வைத்து, புது ரெக்சின் போட 3,200 ரூபாய் ஆகும் என்றார்கள். என்னால் 1,500 ரூபாய் வரைதான் செலவிட முடியும். தையல் இயந்திரம் வீட்டில் இருக்கிறது, சுத்தியலும் திருப்புளியும் பிடிக்கத் தெரியும், ஆனால் இந்த வேலையை இதுவரை செய்ததில்லை. நாடாவை மறுபடி பின்னுவதா, பிளைவுட் அடிப்பதா, எந்த ஃபோம் வாங்குவது, மேலே என்ன போடுவது என்று அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

கோணூசி (சேலம்) எழுதியது:

வணக்கம் சகோதரி. முப்பத்தோரு ஆண்டுகளாகக் குஷன் வேலை செய்கிறேன். முதலில் பேருந்து இருக்கைகள், பிறகு வீட்டுச் சாமான்கள். உங்களிடம் கேட்ட 3,200 ரூபாய் அநியாய விலை அன்று, ஏனென்றால் ஓர் ஆளின் ஒரு நாள் கூலியும் கடை வாடகையும் அதற்குள் இருக்கின்றன. ஆனால் உங்கள் நாற்காலி கழன்று வரும் இருக்கை கொண்டது. இந்தத் தொழிலில் புதியவர் ஒருவர் கற்றுக்கொள்ள இதைவிட எளிதான அமைப்பு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் தொடங்கினால் மாலைக்குள் முடிக்கலாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கையில் இருக்கும் பணத்தில் பெரும்பங்கை நாடாவுக்கும் ஃபோமுக்கும் வையுங்கள். மேல்துணியை இரண்டு ஆண்டு கழித்து ஒரு மணிநேரத்தில் மாற்றிக்கொள்ளலாம். உள்ளே மட்டமான சரக்கு போய்விட்டால் எல்லாவற்றையும் மறுபடி பிரிக்க வேண்டும், இடுப்பு வலியும் மிச்சம். கடைகளுக்கு வருபவர்கள் அரை மணிநேரம் நிறம் பார்க்கிறார்கள், ஃபோமைப் பற்றி ஒரு கேள்வி கேட்பதில்லை. அது எனக்கு எப்போதும் வருத்தம் தரும் விஷயம்.

பிரிக்கும்போது ரெக்சினைக் கிழித்து எறியாதீர்கள். திருப்புளியால் ஆணியை நெம்பிக் குறடால் இழுத்து, துணியை முழுதாக எடுத்து, எது முன்பக்கம் எது பின்பக்கம் என்று சாக்கட்டியால் எழுதி வையுங்கள். புதுத் துணியை வெட்ட அதுதான் உங்களுக்கு மாதிரி. வேலையை முற்றத்தில் அல்லது மொட்டை மாடியில் வைத்துக்கொண்டு, மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். நாற்பத்தைந்து ஆண்டுத் தூசு உள்ளே இருக்கிறது. நாரை எடுத்து விரலால் உருட்டிப் பாருங்கள். ஒடிந்து பொடியானால் தூக்கிப் போட்டுவிடலாம். சுருண்டு மறுபடி விரிந்தால் அது இன்னும் உயிரோடு இருக்கிறது என்று பொருள். வெயிலில் ஒரு நாள் காயவைத்து, குச்சியால் அடித்துத் தூசு போக்கி, கையால் பிரித்துப் பஞ்சுபோல் உதிர்த்து வையுங்கள். அந்த நாரை நான் ஒருபோதும் வீணாக்கச் சொல்ல மாட்டேன். நாருக்குள் காற்று ஓடும், அதனால் நம் ஊர் வெயிலுக்கு ஃபோமை மட்டும் வைப்பதைவிடச் சூடு குறைவாக இருக்கும்.

சட்டம் வெறுமையானதும் நன்றாகச் சோதியுங்கள். நாற்காலி தேக்காக இருந்தாலும் இருக்கையின் உள்சட்டத்துக்கு நாட்டு மரத்தையோ தேக்கின் வெள்ளைப் பகுதியையோ போடும் வழக்கம் உண்டு, உளுப்பு அங்கேதான் வரும். மாவுபோல் தூள் கொட்டினாலோ, கோணூசியின் முனை எளிதாக இறங்கினாலோ அந்தக் கட்டையை மாற்ற வேண்டும். பழைய ஆணித் துளைகளை மரத்தூளும் ஃபெவிகாலும் குழைத்து அடைத்து ஓர் இரவு காயவிடுங்கள். புது ஸ்டேப்ளர் பின்னைப் பழைய துளையின் மேல் அடிக்காமல் கால் அங்குலம் தள்ளி அடியுங்கள்.

நாடா இரண்டு அங்குல அகலப் பருத்தி நாடாவாக இருக்கட்டும். நாடாக் கட்டில் பின்னுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே பின்னல்தான். நீளவாக்கில் ஐந்து, குறுக்கே ஐந்து, ஒன்றின் மேலும் ஒன்றின் கீழுமாக. ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 22 அங்குலம் வேண்டும், ஆகவே ஆறு மீட்டர் வாங்கினால் போதும். நுனியை ஓர் அங்குலம் மடித்து, மடிப்பின் மேல் நான்கைந்து பின் அடியுங்கள். மறுமுனையைக் கையால் இழுத்தால் இழுவை போதாது. ஒரு சாண் நீளக் கட்டையில் நாடாவை ஒரு சுற்றுச் சுற்றி, கட்டையின் விளிம்பைச் சட்டத்தின் வெளிப்பக்கத்தில் ஊன்றிக் கீழ்நோக்கி அமுக்கினால் நாடா விறைக்கும். அந்த நிலையிலேயே பின் அடித்துவிட்டுப் பிறகு வெட்டுங்கள். விரலால் தட்டினால் தாழ்ந்த குரலில் மேளம்போல் ஒலிக்க வேண்டும். தொய்வான நாடாவின் மேல் எவ்வளவு நல்ல ஃபோம் வைத்தாலும் பயனில்லை.

கையால் அமுக்கும் பின் துப்பாக்கி, 8 மில்லிமீட்டர் பின் போதும். தேக்கில் பின் முழுதாக இறங்காமல் தலை தூக்கி நிற்கும், அதைச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டிவிடுங்கள்.

நாடாவின் மேல் சுத்தமான சாக்குத்துணி, அதன்மேல் நார் ஓர் அங்குலம், நடுவில் சிறிது கூடுதலாக. நார் இடம் மாறாமல் இருக்க மேலே காடா துணி போட்டு மூடி, கோணூசியால் ஆறேழு இடங்களில் சாக்கோடு சேர்த்துத் தையல் போடுங்கள்.

இனி ஃபோம். கடையில் 32, 40 என்று சொல்வது ஒரு கனமீட்டர் ஃபோமின் எடை எத்தனை கிலோ என்பதை. தினமும் நான்கைந்து மணிநேரம் உட்காரும் இருக்கைக்கு 40க்குக் குறைந்து வாங்காதீர்கள். கடைக்காரர் சொல்வதை நம்பித்தான் ஆக வேண்டும் என்பதில்லை, தராசில் வைத்துப் பார்க்கலாம். 18க்கு 18 அளவில் இரண்டு அங்குல கனமுள்ள துண்டு, 40 என்றால் ஏறத்தாழ 425 கிராம் இருக்கும், 32 என்றால் 340 கிராம். ஒன்றரை அங்குல கனம் என்றால் முறையே 320, 255. பத்து இருபது கிராம் முன்பின் இருக்கலாம், நூறு கிராம் குறைந்தால் அது வேறு சரக்கு. எடை உழைப்பைச் சொல்லுமே தவிர மென்மையைச் சொல்லாது. ஆகவே முழங்காலை ஊன்றிப் பார்த்து, தரை தட்டாத துண்டாக எடுங்கள்.

கனம் எவ்வளவு என்பதை உங்கள் உயரம்தான் தீர்மானிக்க வேண்டும். செருப்பில்லாமல் உட்கார்ந்து, தரையிலிருந்து முழங்காலின் பின்மடிப்பு வரை அளந்துகொள்ளுங்கள். நீங்கள் அமர்ந்து ஃபோம் அமுங்கிய பிறகு இருக்கையின் உயரம் அந்த அளவைத் தாண்டக் கூடாது. மெத்தென்று இருக்க வேண்டும் என்று நான்கு அங்குல ஃபோம் வைத்துவிட்டு, கால் தொங்குகிறது, தொடை மேசையில் இடிக்கிறது என்று திரும்ப வந்தவர்கள் பலர்.

ஃபோமைச் சட்டத்தைவிடச் சுற்றிலும் கால் அங்குலம் பெரிதாக வெட்டுங்கள். புது ஆக்சா பிளேடு நன்றாக வெட்டும். முன்பக்கத்தின் கீழ் விளிம்பை மட்டும் சாய்வாகச் சீவிவிட்டால், துணியை இழுக்கும்போது முன்விளிம்பு தானாக உருண்டு இறங்கும். உங்கள் தொடையை அழுத்துவது இனி இருக்காது. ஒட்டுவதற்கு வெள்ளை ஃபெவிகால் வேண்டாம், அது காய்ந்ததும் ஃபோமில் கட்டையாகிவிடும். ரப்பர் பசை, அதாவது எஸ்ஆர் 505 போன்றது, சிறிய டப்பா போதும். இரண்டு பக்கமும் தடவிப் பத்து நிமிடம் விட்டு, விரலில் ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும்போது அழுத்துங்கள். அதன் ஆவி எளிதில் தீப்பிடிக்கும், அதனால் அடுப்புக்கும் விளக்குக்கும் அருகில் இந்த வேலையைச் செய்யவே கூடாது.

மேல்துணியை அடிக்கும் முறையைச் சொல்லி முடிக்கிறேன். இருக்கையைக் கவிழ்த்து வைத்து, முன்பக்கத்தின் நடுவில் ஒரு பின், பின்பக்கத்தின் நடுவில் இழுத்து ஒரு பின், பிறகு இடம், வலம். நான்கு நடுப்புள்ளிகளிலிருந்து மூலைகளை நோக்கி மாறி மாறிப் போங்கள். ஒரே பக்கத்தை மூலை வரை அடித்து முடித்துவிட்டு அடுத்த பக்கம் போனால் துணி கோணிவிடும். மூலைகளைக் கடைசியில் மடியுங்கள்.

சதுரக்கட்டை (கோயம்புத்தூர்) எழுதியது:

மேலே ஐயா எழுதியிருப்பது முறையான வேலை. அதை மறுப்பதற்காக எழுதவில்லை. ஆனால் பிளைவுட் என்றாலே தவறு என்ற எண்ணம் வந்துவிடக் கூடாது என்பதற்காக என் அனுபவத்தைச் சொல்கிறேன். என் தனிப்பயிற்சி வகுப்புக்காக ஆறு பழைய நாற்காலிகளை நானே புதுப்பித்தேன். நாடா பின்னும் பொறுமையும் நேரமும் இல்லாததால் 12 மில்லிமீட்டர் பிளைவுட் அடித்தேன்.

முதல் இரண்டில் ஒரு தவறு செய்தேன். ரெக்சினில் காற்று புகாது, பிளைவுட்டிலும் புகாது. உட்காரும்போது ஃபோமிலிருந்து வெளியேற வேண்டிய காற்றுக்கு வழியே இல்லாமல், துணி பந்துபோல் உப்பி, இரண்டே மாதத்தில் மூலைகளில் பின்கள் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டன. அதன்பின் பிளைவுட்டில் அரை அங்குலத் துளைகளாகப் பதினெட்டு போட்டேன், அந்தச் சிக்கல் தீர்ந்தது. பிளைவுட்டுக்கு மேல் நேரடியாக மெல்லிய ஃபோம் வைத்தால் ஒரு மணிநேரத்தில் பலகையில் உட்கார்ந்திருப்பது தெரியும். அடியில் ஓர் அங்குலம் ரீபாண்ட், மேலே இரண்டு அங்குலம் 40 ஃபோம் என்று வைத்ததுதான் எனக்கு ஒத்துவந்தது. வெட்டிய துண்டுகளை அழுத்தி ஒட்டிச் செய்யும் பல நிறப் புள்ளி போட்ட பலகை போன்ற ஃபோமைத்தான் ரீபாண்ட் என்கிறார்கள்.

இதில் உயரம் மொத்தமாக மூன்றரை அங்குலம் கூடிவிடுகிறது. உங்கள் நாற்காலியில் அதற்கு இடம் இருக்கிறதா என்று அளந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள். இடம் இல்லாவிட்டால் ஐயா சொன்ன நாடாதான் சரி.

கூடுதுறை (பவானி) எழுதியது:

வணக்கம் அக்கா. நாடாவா பலகையா என்பதில் கருத்துச் சொல்லும் அளவுக்கு எனக்கு அனுபவம் இல்லை. மேல்துணியைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அதில் நான் ஒருமுறை ஏமாந்திருக்கிறேன்.

ரெக்சின் என்பது முதலில் இங்கிலாந்தில் மான்செஸ்டருக்கு அருகில் உள்ள ஹைடு என்ற ஊரில் செய்யப்பட்ட ஒரு செயற்கைத் தோலின் வணிகப் பெயர். இன்று நம் கடைகளில் துணியின் மேல் பூச்சுப் பூசிய எல்லாவற்றையும் அந்தப் பெயரால்தான் கேட்கிறோம், ஆனால் உள்ளே இரண்டு வேறு வகைகள் இருக்கின்றன. பிவிசி பூச்சுக் கொண்டது சற்று விறைப்பாக, பளபளப்பாக இருக்கும், ஈரத்துக்கு அஞ்சாது, பல ஆண்டு கழித்துத்தான் காய்ந்து வெடிக்கும். பியூ, அதாவது பாலியூரித்தேன் பூச்சுக் கொண்டது உண்மையான தோல்போல் மென்மையாக இருக்கும், விலையும் கூடுதல். ஆனால் காற்றில் உள்ள ஈரமே அந்தப் பூச்சை நாளடைவில் சிதைத்துவிடும். நான் மென்மைக்கு ஆசைப்பட்டு அதை வாங்கினேன். மூன்றாம் ஆண்டில் வெள்ளைச் சேலையில் கறுப்புச் செதில்களாக ஒட்டத் தொடங்கியது. ரெக்சின்தான் வேண்டும் என்றால் பிவிசி வகையைக் கேட்டு வாங்குங்கள். அகலம் 54 அங்குலம் வரும். உங்கள் இருக்கைக்குச் சுற்றிலும் மடிப்போடு 26 அங்குலச் சதுரம் தேவைப்படும் என்று கணக்கிட்டால், முக்கால் மீட்டரில் இரண்டு துண்டு கிடைக்கும், ஒன்றைப் பின்னாளுக்கு எடுத்து வைக்கலாம். வண்டிச் சீட்டுத் தைக்கும் கடைகளில் மிச்சத் துண்டுகளாகவே இந்த அளவு கிடைக்கும், விலை பாதியாக இருக்கும். அடிப்பதற்கு முன் வெயிலில் கால் மணிநேரம் விரித்து வைத்தால் இளகி, மூலைகளில் சுருக்கமில்லாமல் மடியும்.

ஆனால் சித்திரை வைகாசியில் நான்கு மணிநேரம் ரெக்சினில் உட்கார்ந்தால் முதுகும் தொடையும் நனைந்துவிடும். அதனால் எங்கள் வீட்டு நாற்காலிகளுக்கு இப்போது ஜமக்காளம்தான். தடித்த பருத்தி நூலில் நெருக்கமாக நெய்யப்படுவதால் உரசலைத் தாங்குகிறது, வியர்வையை உறிஞ்சுகிறது. புவிசார் குறியீடு பெற்ற எங்கள் ஊர்ப் பொருள் என்பதால் மட்டும் சொல்லவில்லை, ஐந்து ஆண்டாக ஒரே துணி இருக்கிறது. வாங்கியதும் உப்புத் தண்ணீரில் ஊறவைத்து அலசி நிழலில் காயவையுங்கள். கூடுதல் சாயம் போய்விடும், சுருங்க வேண்டியது அப்போதே சுருங்கிவிடும். கோடு போட்ட துணி என்பதால் நடுக்கோடு எது என்று முதலிலேயே குறித்து, சட்டத்தின் நடுவிலும் பென்சிலால் ஒரு கோடு போட்டு இரண்டையும் பொருத்திக்கொள்ள வேண்டும்.

அரசலாறு எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று பிரித்துப் பார்த்தேன். நார் பொடியாகவில்லை, சுருள் அப்படியே இருக்கிறது. சட்டத்தில் உளுப்பும் இல்லை. தரையிலிருந்து என் முழங்கால் மடிப்பு 16½ அங்குலம், சட்டத்தின் மேல்விளிம்பு 15 அங்குலம். பிளைவுட்டும் மூன்று அங்குல ஃபோமும் வைத்தால் கால் தொங்கிவிடும் என்பதால் நாடா என்று முடிவு செய்துவிட்டேன்.

கோணூசி ஐயாவிடம் ஒரு கேள்வி. இருக்கைச் சட்டத்துக்கும் நாற்காலியின் பள்ளத்துக்கும் இடையில் இடைவெளி மிகக் குறைவாக இருக்கிறது. பழைய ரெக்சின் மெல்லியது. ஜமக்காளம் போட்டால் அது தடிமனாக இருக்குமே, இருக்கை மறுபடி பள்ளத்தில் இறங்குமா?

கோணூசி எழுதியது:

நல்ல வேளை கேட்டீர்கள் சகோதரி. இதை முதலில் சொல்லாமல் விட்டது என் தவறு. இறங்காத இருக்கையைச் சுத்தியலால் தட்டி இறக்கி, நாற்காலியின் மூலைப் பொருத்தையே பிளந்துவிட்டவர்கள் இருக்கிறார்கள்.

துணியை இரண்டு துண்டாக வெட்டி, சட்டத்தின் எதிரெதிர்ப் பக்கங்களில் வைத்துப் பள்ளத்தில் இறக்கிப் பாருங்கள். விரலால் அமுக்கினால் இறங்கும் அளவு தளர்வு வேண்டும். இறுக்கமாக இருந்தால் சட்டத்தின் வெளிப்பக்கத்தை இழைப்புளியால் ஒரு சீவல் சீவுங்கள், நாற்காலியின் பக்கம் கை வைக்க வேண்டாம். பழைய நாடா நுனிகளும் ஆணித் தலைகளும் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருந்தால் அதுவே அரைக்கால் அங்குலத்தைத் தின்றுவிடும், முதலில் அவற்றைச் சுரண்டி எடுங்கள். மூலைகளில் துணி இரட்டையாக மடியும் இடத்தில் உள்மடிப்பை வெட்டி எடுத்துவிடுங்கள். பின்களை எல்லாம் அடிப்பக்கத்தில்தான் அடிக்க வேண்டும், பக்கவாட்டில் ஒன்றுகூட வரக் கூடாது.

புதுவரவு (தாம்பரம்) எழுதியது:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என்னிடம் இருப்பது அலுவலகச் சுழல் நாற்காலி. இருக்கையின் ஃபோம் மட்டும் அமுங்கிவிட்டது. மேலே சொன்ன முறை அதற்கும் பொருந்துமா?

சதுரக்கட்டை எழுதியது:

பொருந்தும். இருக்கையைக் கவிழ்த்தால் அடியில் நான்கு போல்ட்டுகள் இருக்கும், அவற்றைக் கழற்றினால் பலகை தனியே வந்துவிடும். போல்ட்டு ஏறும் உலோக மரை பலகைக்குள் பதிக்கப்பட்டிருக்கும். அது தளர்ந்திருந்தால் புது ஃபோம் ஒட்டுவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள், பிறகு கை போகாது. நடுவில் உள்ள ஏற்ற இறக்கக் குழாயை மட்டும் திறக்கவோ துளையிடவோ சூடாக்கவோ முயல வேண்டாம். அதனுள் அழுத்தத்தில் அடைத்த வாயு இருக்கிறது.

அரசலாறு எழுதியது:

வேலை முடிந்தது. இப்போது அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன்.

ஃபோம் வாங்கப் போனபோது ஐயா சொன்னபடி எடை பார்த்தேன். முதல் கடையில் 40 என்று சொல்லிக் கொடுத்த ஒன்றரை அங்குலத் துண்டைப் பக்கத்துக் காய்கறிக் கடைத் தராசில் வைத்தபோது 205 கிராம்தான் இருந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு கடைக்குப் போனேன். அங்கே வாங்கிய துண்டு 315 கிராம். இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்தபோது எனக்கு வேறுபாடு தெரியவில்லை என்பதைச் சொல்ல வேண்டும். தராசு இல்லாவிட்டால் முதல் துண்டையே கொண்டுவந்திருப்பேன்.

நாடாவை இழுத்துக் கட்டுவதில்தான் பாதி நாள் போயிற்று. கட்டையில் சுற்றி அமுக்கும் உத்தி மூன்றாவது நாடாவில்தான் கைவந்தது, அதனால் முதல் இரண்டையும் பிரித்து மறுபடி கட்டினேன். ஜமக்காளத்தில் ஒரு தவறு நேர்ந்தது. இடப்பக்கத்தைப் பார்க்க அழகாக வந்ததால் ஆசையில் மூலை வரை பின் அடித்துவிட்டேன். வலப்பக்கம் இழுத்தபோது கோடுகள் அரை அங்குலம் வளைந்துவிட்டன. எல்லாப் பின்களையும் நெம்பி எடுத்து, நான்கு நடுப்புள்ளிகளிலிருந்து மறுபடி தொடங்கியதில் ஒன்றரை மணிநேரம் கூடுதலாயிற்று. சட்டத்தின் வலப்பக்கத்தை எங்கள் தெரு ஆசாரியிடம் கொடுத்து ஒரு சீவல் சீவி வாங்கினேன், அவர் காசு வாங்கிக்கொள்ளவில்லை.

நாரைப் பிரிக்கும்போது அதற்குள் ஒரு குண்டூசியும், அப்பா பத்திரங்களைத் தைக்கும் பச்சை நூலில் ஒரு சாண் நீளமும் கிடைத்தன. நூலை நாரோடு சேர்த்து உள்ளேயே வைத்துத் தைத்துவிட்டேன்.

செலவுக் கணக்கு: நாடா ஆறு மீட்டர் 90 ரூபாய், ஃபோம் 330, சாக்கு 30, காடா துணி 90, சிறிய ஜமக்காளம் 350, பின் துப்பாக்கி 420, பின் 70, பசை 95. மொத்தம் 1,475 ரூபாய். பின் துப்பாக்கியும் பாதிப் பசையும் கையில் மிச்சம் இருக்கின்றன.

உட்கார்ந்த நிலையில் உயரம் 16½ அங்குலம் வருகிறது, பாதம் தரையில் முழுதாகப் படிகிறது. பத்து நாள் கழித்து நடுப்பகுதி சிறிது இறங்கியிருப்பதுபோல் தோன்றுகிறது. கவலைப்பட வேண்டுமா ஐயா?

கோணூசி எழுதியது:

மிக்க மகிழ்ச்சி சகோதரி. முதல் இரண்டு மூன்று வாரங்களில் புதுப் பருத்தி நாடா சற்று நெகிழத்தான் செய்யும், நாரும் படிய வேண்டும். இருக்கையின் குறுக்கே ஓர் அளவுகோலை வைத்து, நடுவில் எவ்வளவு பள்ளம் என்று இன்றைக்கு அளந்து எழுதி வையுங்கள். ஒரு மாதம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். அரை அங்குலத்துக்குள் நின்றுவிட்டால் அப்படியே விட்டுவிடலாம். அதற்கு மேல் போனால், சட்டத்தின் அடிப்பக்கத்தில் இரண்டு நாடாக்களைக் குறுக்கும் நெடுக்குமாக இழுத்துப் பின் அடித்தால் போதும், மேலே எதையும் பிரிக்க வேண்டியதில்லை. அதுவரை அடியில் தூசுக்காகப் போடும் காடா துணியை மட்டும் அடிக்காமல் வைத்திருங்கள்.